எங்கள் வீட்டு டயல்-அப் சர்வர்



எங்கள் வீட்டு அட்டாலியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் பழைய சேலையில் சுற்றிக் கிடந்தன. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா வேலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தாராம். 2006-ல் அதை மூடியபோது, இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக இவற்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அம்மா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளிக் கவுளி கட்டும் அம்மாதான்.

போன மே மாதம் செல்போனில் பணம் அனுப்பத் தெரியாமல் அம்மா என்னிடம் கேட்டார். "இதுகூடத் தெரியாதாம்மா உனக்கு?" என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் பழைய இரும்புக்காரர் வந்தார். அப்பா கம்ப்யூட்டர்களை இறக்கினார். "ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் குடுக்கலாமுங்க" என்றார் அம்மா. இரண்டுமே ஓடின! விண்டோஸ் 98. உள்ளே மோடமும் இருந்தது.

அம்மா சொன்னார்: இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். வி.எஸ்.என்.எல். கொடுத்தது. டெலிபோன் லைன் வழியாக டயல் செய்துதான் போக வேண்டும். கம்ப்யூட்டரில் உள்ளதை மோடம் சத்தமாக மாற்றி அனுப்பும். அந்தப் பக்கத்து மோடம் சத்தத்தைத் திரும்ப எழுத்தாக, படமாக மாற்றும். போனை எடுத்துப் பதில் சொல்கிற கம்ப்யூட்டர்தான் சர்வர்.

"அப்ப நம்ம வீட்லயே ஒண்ணை சர்வரா வெக்கலாமாம்மா?"

"வெக்கலாம் கண்ணு. விண்டோஸ் 98-லயே டயல்-அப் சர்வர்னு ஒண்ணு இருக்குது."

இரண்டு மோடத்தையும் ஒரே ஒயரில் நேராக இணைத்தோம். 'டயல் டோன் இல்லை' என்று வந்தது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். டோன் கொடுப்பதும் எக்ஸ்சேஞ்ச், மணி அடிக்க வைப்பதும் எக்ஸ்சேஞ்ச். நடுவில் அது இல்லையே!

மாமா வேலை பார்க்கும் வெல்ல மண்டியில் பழைய இன்டர்காம் பெட்டி சும்மா கிடந்தது. அதுவும் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச்தான். கேட்டு வாங்கி வந்தோம். ஒயர் முனையை என்னைத் தொட விடவில்லை அம்மா. டெலிபோன் லைனில் சாதாரணமாக 48 வோல்ட் இருக்குமாம். மணி அடிக்கும்போது அதைவிட அதிகமாம்.

21-ல் இருந்து 22-க்கு டயல் செய்தேன். பீப்... கீஈஈ... கர்ர்ர்... என்று ஒரே சத்தம்! அப்பாவே ஓடி வந்தார். 'இணைந்தது' என்று வந்தது. மோடத்தில் 56 கே என்று போட்டிருந்தாலும், இரண்டு பக்கமும் சாதாரண மோடம் என்றால் நொடிக்கு 33,600 பிட்டுக்கு மேல் போகாது. ஒரு எம்.பி. படம் வர நாலு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

சர்வரில் அம்மா முதலில் வைத்தது ஒரு சின்னக் கடிதம். விசைப்பலகையைப் பார்க்காமலே தமிழில் அடித்தார். திறந்து பார்த்தேன். "கண்ணு, சோறு ஆறுது. வந்து சாப்பிடு." எனக்கு அழுகை வந்துவிட்டது. "அன்னிக்கு அப்படிப் பேசினது தப்பும்மா" என்றேன்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். 1998-ல் புதுச்சேரி வில்லியனூரில் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மையம் வைத்தது. அங்கே வரும் செய்திகளை ரேடியோ மூலம் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்கள் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டுக் கடலுக்குப் போனார்கள். ஒரு இடத்தில் இருப்பதை எல்லோருக்கும் கொடுப்பதுதான் சர்வர். அம்மாவும் அப்படித்தான்.

செல்போனில் பணம் அனுப்ப நான் சொல்லிக் கொடுத்தேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

இரும்புக்காரரை அப்பா வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். எங்கள் சர்வரைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். ஆனால் ஒயரைத் தொடக் கூடாது!



- ஒன்பதாம் வகுப்பு மாணவி