ஒரு மாதத்துக்கு ஒரு ரூம்

போன மே மாதம் டிரெயினிங்குக்காகச் சென்னை ராயப்பேட்டையில் ஒரு கட்டட சைட்டில் எனக்கு இடம் கிடைத்தது. 30 நாள் தங்க ஒரு ரூம் வேண்டும். "நானும் வாரேன்" என்று அப்பாவும் கிளம்பிவிட்டார். கிளாம்பாக்கத்தில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது விடியவில்லை.

'டு-லெட்' போர்டு தொங்கிய வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினோம். "ஒரு மாசத்துக்கெல்லாம் விடுறதில்ல தம்பி. 11 மாச அக்ரிமென்ட், 10 மாச அட்வான்ஸ்." அடுத்த வீட்டில், "பேச்சிலருக்குக் கிடையாது." 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகையைத் தாண்டக் கூடாது. இதைப் பிறகுதான் படித்தேன். முன்பே படித்திருந்தாலும் அந்த வாசலில் நின்று சட்டம் பேசியிருப்பேனா?

ஒரு வீட்டில் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். "அப்பா என்ன பண்றார்?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். அப்பா வாய் திறப்பதற்குள், "பில்டிங் கான்ட்ராக்டர்" என்று சொல்லிவிட்டேன். அப்பா, சிமென்ட் அரித்த விரல்களை மெதுவாகத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். "ரூம் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு" என்றார்.

தெருவில் அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை. டீக்கடைக்காரர், "திருவல்லிக்கேணிக்குப் போங்க. மேன்ஷன்ல நாள் வாடகைக்கும் தருவாங்க, மாச வாடகைக்கும் தருவாங்க" என்று வழி சொன்னார்.

மேன்ஷன் மானேஜரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை அப்பா முந்திக்கொண்டார். "கொத்தனாருங்க. எங்க வீட்டுல மொதல்ல படிக்கிறவன் இவன்தான். அந்தச் சுவத்துல தண்ணி எறங்குது பாருங்க, மேல பாத்ரூம் பைப்பைக் கவனிக்கணும்." மானேஜர் சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

அதில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம். எழுதினேன். "என்னடா எழுதின?" என்று அப்பா கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "கொத்தனார்" என்று சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அடுத்த வருடம் டிரெயினிங் போகும் தம்பிகளே! எத்தனை நாள் என்று குறிப்பிட்ட காலேஜ் லெட்டரும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். அப்பா என்ன பண்றார் என்று கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார்.