முகத்தைத் தகட்டுக்குள் இறக்குகிறவர்கள்

தூத்துக்குடியில் ஒரு போட்டோ டாலர் எத்தனை காலம் தாங்கும் என்பது அதைப் போட்டிருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்பதைப் பொறுத்தது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கெழுதுகிறவர் கழுத்தில் அதற்கு ஒரு குறையும் வராது. உப்பளத்தில் வரப்பு மிதிக்கிறவர், விசைப்படகில் வலை இழுக்கிறவர் கழுத்தில் கிடப்பதோ உப்பு நீரிலும் வியர்வையிலும் ஊறிக்கொண்டே இருக்கிறது. முகம் பதித்த டாலர் கேட்டு வருகிறவர்களில் இந்த இரண்டாம் வகையினர்தான் அதிகம் என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். இறந்துபோன அப்பாவின் முகம், கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியின் முகம், இப்படித்தான் கேட்கிறார்கள். இந்தக் கரையில் படம் தகட்டின் மேல் ஒட்டியிருந்தால் போதாது, தகட்டுக்குள் இறங்கியிருக்க வேண்டும். நேம் போர்டும் ஷீல்டும் செய்கிற சிறு பட்டறைகளில் நான் பார்த்ததும் கேட்டதும் என்னை இந்த முடிவுக்குத்தான் கொண்டுவந்து சேர்த்தன.

இன்று கடைகளில் பத்து நிமிஷத்தில் கையில் கிடைக்கும் வண்ணப் படத் தகடு பெரும்பாலும் சப்ளிமேஷன் முறையில் செய்வது. சிறப்பு மையில் அச்சடித்த தாளை அலுமினியத் தகட்டின் மேல் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் அழுத்துகிறார்கள். மை ஆவியாகி, தகட்டின் மேல் முன்பே பூசியிருக்கும் பாலியஸ்டர் பூச்சுக்குள் போய்த் தங்குகிறது. படம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. அது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்துக்குள் இருக்கிறது. சுவரில் மாட்டுவதற்கு இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டாலரில் சங்கிலி கோக்கத் துளை போடுகிறார்கள், ஓரத்தை வெட்டுகிறார்கள். அந்த வெட்டு வாயில் பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உப்பு புகுந்தால் படலம் கிளம்பத் தொடங்கும். வெயிலில் சாயம் மங்குவது தனிக்கதை. படலம் உரிந்த பிறகு தகட்டில் மிஞ்சுவது வெறும் அலுமினியம்.

அரித்துச் செய்கிற முறையில் கதை வேறு. முகத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக உடைத்து, நெகட்டிவாக்கி, இடவலம் மாற்றி, லேசர் பிரிண்டரில் வழவழப்பான தாளில் எடுக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய பித்தளைத் தகட்டில் அதைக் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், டோனர் உருகித் தகட்டைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். விட்டுப்போன இடங்களில் நெயில் பாலிஷ், பின்பக்கம் முழுக்க டேப். பிறகு ஃபெரிக் குளோரைடு கரைசல் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் முகம் கீழே பார்க்கும்படி மிதக்கவிடுகிறார்கள். அப்போதுதான் அரிபட்ட கசடு பள்ளத்தில் தங்காமல் கீழே விழும். டோனர் மூடிய இடம் மேடாக நிற்க, மூடாத இடம் பள்ளமாகிறது. கடைசியில் பள்ளத்தில் கறுப்பேற்றி மேட்டைத் தேய்த்தால் தலைமுடி, மீசை, கண்மணி எல்லாம் எழுந்து வருகின்றன. இதில் மிகக் கடினமான வேலை தொட்டிக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அரிப்புக்குச் சாம்பல் நிறம் தெரியாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். கரைசல் கீழே மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் தின்னும், ஆகவே சின்னப் புள்ளிகள் கரைந்துபோகும். கன்னத்து நிழலில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை ஒருவர் முகம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஒரு பட்டறைக்காரர் சொன்னார்: “எழுத்துல தப்பு வந்தா எழுத்துதான் போகும். மொகத்துல ஒரு புள்ளி கூடுச்சுன்னா ஆளே மாறிப்போவாரு, பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.” இந்தக் கரைசல் வெள்ளியைச் சரியாக அரிக்காது, மேலே ஒரு தோல் கட்டி நின்றுவிடும், தங்கத்திடமும் இதன் வேலை நடக்காது. அதனால்தான் நகைக்கடைப் பக்கம் போகாமல், செம்பும் பித்தளையும் வாங்க முடிகிறவர்களுக்கான தொழிலாகவே இது நின்றிருக்கிறது.

மேலே, உள்ளே என்ற இந்த இரண்டு வழியும் புகைப்படம் பிறந்தபோதே கூடப் பிறந்தவை. பிரான்சில் நியெப்ஸ் 1826இல் கர்தினால் ஒருவரின் உருவத்தை ஒளியின் உதவியால் வெள்ளீயக் கலவைத் தகட்டில் இறக்கி, அமிலத்தால் அரித்தார்; அதிலிருந்து அச்சும் எடுக்கப்பட்டது. 1839இல் அறிவிக்கப்பட்ட டாகெரின் முறையில், வெள்ளி முலாமிட்ட செப்புத் தகட்டின் மேற்பரப்பில் படம் நின்றது. விரல் பட்டாலே அழியும் என்பதால் அதைக் கண்ணாடிக்குள் அடைத்தே வைத்தார்கள். நம் பக்கத்தில் நிலைத்தது நியெப்ஸின் வழி. கல்கத்தாவில் உபேந்திரகிஷோர் ராய் 1895 முதல், படத்தைப் புள்ளிகளாக உடைத்துத் தகட்டில் அரிக்கும் ஹாஃப்டோன் பிளாக் செய்தார். காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் ‘தினத்தந்தி’யைத் தொடங்கிய காலத்தில், பத்திரிகையில் ஒரு முகம் வர வேண்டுமானால் அது துத்தநாகத் தகட்டில் அரிக்கப்பட்டு பிளாக்காக வர வேண்டும். ஆப்செட் அச்சு வந்ததும் பிளாக் போனது. ஒரு முகத்தைப் புள்ளிகளாகப் பார்க்கத் தெரிந்த கண் மட்டும் இப்படி நேம் போர்டுப் பட்டறைகளில் தங்கியிருக்கிறது.

வண்ணம் வேண்டுமே என்பார்கள். வேண்டுகிறவர்களுக்குச் சப்ளிமேஷன் இருக்கட்டும். குழந்தையின் பிறந்தநாள் கீ செயினுக்கு அது போதும். லேசர் இருக்கும்போது அரிப்புக் கரைசல் எதற்கு என்பது இதைவிட வலுவான கேள்வி. ஃபைபர் லேசரும் உலோகத்திலேயேதான் வேலை செய்கிறது, எவர்சில்வர் தகட்டுக்கு அதுவே மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஓட்டில் எடுத்த லேசர் படம் ஆழமில்லாதது, தேயத் தேயப் போய்விடும். ஆழமாக எடுக்க நேரம் பிடிக்கும். இயந்திரத்தின் விலை லட்சத்தில். அதோடு, முகத்தைப் புள்ளியாக்கும் அந்தக் கண் லேசருக்கும் தேவை. அது இல்லாத இடத்தில் லேசரும் ஒரு கறுப்புத் திட்டைத்தான் தரும்.

நான் தள்ளிவிட முடியாத ஆட்சேபம் நஞ்சு பற்றியது. வேலை முடிந்த கரைசலில் செம்பு கரைந்திருக்கிறது. செம்பு சிப்பி இனத்துக்கு என்ன செய்யும் என்பதற்குத் துறைமுகத்திலேயே சாட்சி உண்டு: கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசும் பெயின்ட்டில் போடுவது செம்புச் சேர்மத்தைத்தான். பட்டறையில் கொட்டியது சாக்கடை வழியாகப் பக்கிள் ஓடைக்கும், ஓடையிலிருந்து கடலுக்கும் போகும். அது முத்துச்சிப்பியின் கடல்; இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. கடலோடிகளின் நினைவுக்காகச் செய்யும் டாலர் அந்தக் கடலையே கெடுக்கலாகாது. உப்பு விளையும் ஊர்தானே, உப்புத் தண்ணீரும் பேட்டரியும் வைத்து அரிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். செம்பில் அது நடக்கும், ஆனால் செம்பு தண்ணீருக்குத்தான் போகும். எவர்சில்வரில் செய்தால் கொடிய குரோமிய நஞ்சு வெளிவரும். அதை யாரும் முயலக்கூடாது. செய்ய வேண்டியது வேறு. கழிவுக் கரைசலில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கி, செம்பும் இரும்பும் கசடாகப் படியும். அதை வடிகட்டி உலர்த்தி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் கொடுக்க வேண்டும். இரண்டு வாளி கழிவுக்காக எந்த வண்டியும் தேடி வராது என்பது பட்டறைக்காரர்களின் நியாயமான குறை. ஊரின் பட்டறைகள் சேர்ந்து ஒரே இடத்தில் கசடைச் சேகரிக்க மாநகராட்சி ஒரு மூலையை ஒதுக்கித் தந்தால், அந்தச் செலவை டாலரின் விலையில் ஏற்றிக்கொள்ள முடியும். அப்பாவின் முகத்துக்காகப் பித்தளையைத் தேடி வருகிறவர் அந்தச் சில ரூபாயைக் கொடுக்கத் தயங்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.