கடலிற் கிழித்த கோடு

முட்டுக்காட்டுக் கழிமுகத்திற்குக் கிழக்கே விரிந்த கடலில் தேசங்கள் கோடு கிழித்திருப்பதை மீன் அறியாது. எம்மோடு பயிலும் மீனவர் குடிப் பிள்ளைகள் நன்கறிவர். சென்ற விடுமுறையில் அவர்களுடன் இக்கரையிற் சில நாள் தங்கியபோது, செய்தித்தாளில் மேலெழுந்தவாரியாகப் படித்த விஷயங்களைச் சற்று ஆழ்ந்து எண்ணலாயினோம்.

இலங்கை சிறிய நாடு. 1974ஆம் ஆண்டில் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் செய்த உடன்படிக்கையால், 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு அந்நாட்டு எல்லைக்குட்பட்டது. ஒரு நாட்டார் மற்றவர் கடலில் அனுமதியின்றி மீன்பிடித்தலாகாதென 1976இல் முடிவாயிற்று. கோடு எழுதப்பட்டது, வயிறு அதற்கு உடன்படவில்லை. நம்மவர் இழுவைமடிப் படகுகள் அதைக் கடக்கின்றன. இலங்கைக் கடற்படை சிறைபிடிக்கின்றது. அத்துயரமே நம் செவிக்கு எட்டுகின்றது. ஆயினும் யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழரே. 2009இல் யுத்தம் ஓய்ந்தபின் தொழிலுக்கு மீண்ட அவர்கள், தம் வலைகளை நம் படகுகள் அறுக்கின்றன என்று முறையிடுகின்றனர். இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் விலக்கியது.

இவ்வழக்கு நடக்கும் காலத்திலேயே கடலில் மற்றொரு வாணிபமும் நடக்கின்றது. 2021 மார்ச்சில் மினிக்காய்த் தீவருகே இந்தியக் கடலோரக் காவற்படை பிடித்த இலங்கைப் படகொன்றில் சுமார் 300 கிலோ ஹெராயினும் 5 துப்பாக்கிகளும் இருந்தன. இங்கேயும், மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேட்டிலே, 2020 ஜூனில் தகரப் பீப்பாயொன்று கரையொதுங்கியது. சீன எழுத்துப் பொறித்த தேயிலை உறைகளுக்குள் இருந்தது மெத்தாம்பெட்டமைன் என்னும் கொடிய போதைப்பொருள்.

இதுபற்றிப் பேசுகையில் முதிய மீனவர் ஒருவர், "தம்பிமாரே, படகும் போய்க் கடனும் தலைக்கு மேல் நிற்கையில், ஒரு மூட்டையைக் கைமாற்றிவிட்டால் கடன் தீருமென்று ஒருவன் வந்தால் ஏழை என்ன சொல்லுவான்?" என்றார். எமக்கு உடனே விடை தோன்றவில்லை.

பின்னர் எமக்குத் தெளிந்தது இது. கடத்தற்காரனுக்கு எல்லையுமில்லை, இனமுமில்லை. எல்லைப் பூசல் நீளுமளவும் அவனுக்கே லாபம். சிறு நாட்டின் சில கப்பல்கள் வலைஞரைத் துரத்தும் இரவிலே அவன் கண்தப்பிச் செல்வான். அவன் செய்கையால் நேர்மையான மீனவனும் சந்தேகத்திற்குள்ளாகின்றான். ஆதலின் காவற்கப்பல் மட்டும் போதாது. படகிழந்தவனுக்குக் கைகொடுக்கும் கூட்டுறவுக் கடனும், இருகரை மீனவரும் நேரிற் பேசித் தீர்க்கும் வழியும் வேண்டும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் இருகரையாரும் ஒன்றாய் மன்றாடும் வழக்கம் உண்டு. ஒன்றாய் மன்றாடக் கூடியவர்கள் ஒன்றாய் அமர்ந்து பேசவும் கூடும். அதற்குத் துணைநிற்றல் கற்றோர் கடனென்பது எம் துணிபு.