வண்டிப்பேட்டை

உலகப் பயணத்துக்கென ஆயத்தமான வண்டிக்கு முதன்முதலில் இடம் மறுக்கப்பட்டது செம்பூரில்தான். பணி ஓய்வுபெற்ற அந்தத் தம்பதியர் ஒரு டிராவலர் வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி பொருத்தி வீடாக்கியிருந்தனர். சேடா நகர் முருகன் கோயிலில் பூசை முடித்து, சக்கரத்தில் நசுங்கிய எலுமிச்சையின் ஈரம் காய்வதற்குள் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் வந்துவிட்டது: வீட்டுக்கு ஒரு வாகனம், அதுவும் கார் மட்டும்.

ஆவணங்கள் இத்துணைத் தொல்லை தரவில்லை. 'கார்னே' என்னும் சுங்க ஏடு, வண்டியை அயல்நாட்டில் விற்றுவிடாமல் திரும்பக் கொண்டுவருவதற்கான பிணை. எல்லைதோறும் நுழைவுக்கு ஒரு முத்திரை, வெளியேற்றத்துக்கு ஒரு முத்திரை, ஓராண்டுச் செல்லுபடி. 2025 ஏப்ரலில் அட்டாரி வாயில் மூடப்பட்டுவிட்டதால் தரைவழி என்ற பேச்சுக்கே இடமில்லை. நவ சேவாவில் கப்பலேற்ற வேண்டும். உயர்வகைப் பெட்டகத்தின் வாசலே ஏறத்தாழ 2.58 மீட்டர்தான், கூரைமேல் சூரியத் தகடு பதித்த வண்டி அதில் நுழையாது. வாகனங்கள் தாமே உருண்டு ஏறும் கப்பலைத்தான் தேட வேண்டியிருந்தது.

அம்மையார் இவற்றில் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே: "ராத்திரி எங்ஙன நிப்பாட்டுவிய?"

தமிழுக்கு இக்கேள்வி பழையது. பெரும்பாணாற்றுப்படையின் உப்பு வணிகர் குடும்பத்தோடு வண்டியில் செல்கின்றனர். காடிப்பானை முகப்பில் தொங்குகிறது, குழந்தையோடு இருக்கும் பெண்ணே எருதுகளை ஓட்டுகிறாள். பிற்காலத்தில் அத்தகைய வண்டிகள் இரவில் அவிழ்க்கப்பட்ட இடத்துக்கு வண்டிப்பேட்டை என்று பெயர். சில ஊர்களில் அது இடப்பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. ஜெர்மானியரின் 'ஷ்டெல்பிளாட்ஸ்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அங்கே தனியிடம் கிடைக்காவிடினும், ஓட்டுவதற்கான தெம்பை மீட்டுக்கொள்ளச் சாலையோரத்தில் ஓரிரவு உறங்கலாம். நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டால் அது முகாமாகிவிடும், குற்றம். ஈரானில் நகரப் பூங்காக்களிலேயே மக்கள் கூடாரமடித்துத் தங்குவர். கணவர் இதையெல்லாம் விளக்கினார். அம்மையாரின் முகம் தெளியவில்லை.

அவருக்குத் தெரிந்த வேறொரு பாடம் இருந்தது. தாராவியில், 90 அடிச் சாலைக்குப் பின்புறம், ஒற்றை அறையில் எட்டுப் பேராக வளர்ந்தவர் அவர். டாக்சி ஓட்டிய தந்தைக்குக் கால் நீட்ட அவ்வறையில் இடமில்லை. மாட்டுங்காவில் வண்டியை நிறுத்திப் பின்னிருக்கையில் சுருண்டுகொள்வார். விளக்குக் கம்பத்தடியில் நிறுத்து, டீக்கடை கண்ணில் படட்டும், வண்டியின் முகம் வெளியேறும் திசையில் இருக்கட்டும் என்பவை தந்தை சொன்னவை. அதை வசதி என்று சொல்லிவிட முடியாது. வறுமை கற்பித்த நுட்பம் அது.

கப்பலேறுமுன் ஓரிரவு சோதனையாக, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அவ்விதிகளின்படியே நிறுத்தினர். இரண்டு மணிக்குத் தடி கதவைத் தட்டியது. கணவர் சுங்க ஏட்டைத் தேடத் தொடங்கினார். அம்மையார் கதவைத் திறந்து, நாற்பது ஆண்டு பழகிய மராத்தியில், தாங்கள் செம்பூர்க்காரர்கள், வெளிநாடு போகுமுன் உறங்கிப் பார்க்கிறோம் என்றார். காவலர் உள்ளே விளக்கடித்து அடுப்பையும் கட்டிலையும் பார்த்தார். சிரிக்கவில்லை. ஐந்து மணிக்குப் பூக்காரர்கள் கடை விரிப்பார்கள், அதற்குள் எடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார்.

ஐந்தாகப் பத்து நிமிடம். கணவர் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டுநர் உரிமம் பெற்று மூன்று மாதமே ஆகியிருந்த அம்மையார் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்து, கண்ணாடியைத் தம் உயரத்துக்குத் திருத்தினார். முதல் மல்லிகைக் கூடை நடைபாதையில் இறங்கியபோது வண்டி அங்கே இல்லை.