பாக்கி எவ்வளவுங்க?

உக்கடம் மேம்பால வேலை 2018-ல் தொடங்கியது. அன்று முதல் அந்தப் பக்கம் போன ஒவ்வொரு டூ-வீலர்காரரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இன்னும் எவ்வளவுங்க பாக்கி?" எத்தனை தூண் எழும்பியது என்று கேட்டவர் குறைவு. புழுதியில் நிற்கிறவனுக்கு முடிந்த கணக்கு எதற்கு?

சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இதே கேள்விக்குப் பதிலாக ஒரு படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பெயர் 'பர்ன்டவுன் சார்ட்'. 2000-வாக்கில் கென் ஷ்வேபர் என்ற அமெரிக்கர் பிரபலப்படுத்தியது. படுக்கைக் கோட்டில் நாள், நிற்கும் கோட்டில் மீதி வேலை. வேலை முடிய முடியக் கோடு சறுக்குமரம் மாதிரி இறங்கும். தரையைத் தொட்டால் ரிலீஸ், கேக் வெட்டலாம்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் சரவணம்பட்டியில் வேலை செய்கிறான். அவன் டீமின் கோடு தரையைப் பார்க்கவே இல்லை.

"மொத்தம் 200 பாயிண்ட் வேலைங்கண்ணா. ரெண்டு வாரம் ஒரு ரவுண்டு, ரவுண்டுக்கு இருபது. பத்து ரவுண்டுல முடியணும். மூணு ரவுண்டுல அறுபது முடிச்சுட்டோம். ஆனா சார்ட்ல மீதி 190-னு காட்டுது. 'பத்து பாயிண்ட்டுக்கு ஆறு வாரமா?'ன்னு மேனேஜர் கேக்கறாருங்க. அப்ரைசல் வேற வருது."

"மிச்ச ஐம்பது எங்கேப்பா போச்சு?"

"எங்கீம் போகலீங்க, வந்துச்சு. கஸ்டமர் நடுவுல சேர்த்துட்டாருங்க."

நான் காமர்ஸ் படித்தவன். எனக்கு இது கடன் கணக்காகத்தான் தெரிந்தது. இரண்டு லட்சம் கடன். அறுபதாயிரம் கட்டினீர்கள். நடுவில் மச்சினன் கல்யாணத்துக்கு அதே கணக்கில் ஐம்பதாயிரம் வாங்கினீர்கள். வட்டியை மறந்துவிட்டால் பாக்கி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அதை மட்டும் பார்த்தால் உங்களை யாரும் ஒழுங்காகக் கடன் கட்டுகிறவர் என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான் பாஸ்புக்கில் வரவுக்கு ஒரு பத்தி, பற்றுக்கு ஒரு பத்தி.

உக்கடத்திலும் இதுதான் நடந்தது. முதலில் கரும்புக்கடை வரைதான் பாலம். பிறகு ஆத்துப்பாலம் வரை நீட்டினார்கள். நிலம் எடுப்பது, உயர் அழுத்த மின்கோபுரங்களை இடம் மாற்றுவது என்று தனி வேலைகள் வேறு. கடைசியில் 3.8 கிலோமீட்டர், 481 கோடி ரூபாய். திறந்தது 2024 ஆகஸ்ட் 9. 'ஆறு வருஷம் இழுத்தார்கள்' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தாமதம் எவ்வளவு, நீட்டியது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அது கணக்கு.

சாஃப்ட்வேரிலும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. மைக் கோன் என்பவர் கோட்டுக்குப் பதில் கட்டைகள் வரையச் சொன்னார். முடித்த வேலைக்குக் கட்டையின் தலை இறங்கும். புதிதாகச் சேர்ந்த வேலை பூஜ்யத்துக்குக் கீழே வேர் மாதிரி தொங்கும். தம்பியின் கட்டையை நோட்டில் வரைந்தோம். தலை 140-ல். வேர் பூஜ்யத்துக்குக் கீழே 50-ல். கட்டையின் நீளம் அதே 190தான். ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது.

அடுத்து ஒரு கணக்குப் போட்டோம். இனி எதுவும் சேர்க்காவிட்டால் மீதிக்குப் பத்து ரவுண்டு போதும். இதே வேகத்தில் சேர்த்துக்கொண்டே போனால்? மூன்று ரவுண்டுக்குப் பத்துதான் குறைகிறது. 190 குறைய 57 ரவுண்டு. இரண்டு வருஷத்துக்கும் மேல்! தம்பி பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தக் கேள்வி தம்பிக்கு அல்ல, கஸ்டமருக்கு: தேதி வேண்டுமா, புது வேலை வேண்டுமா? அதைக் கேட்கத் தயங்குகிற இடத்தில்தான் தில்லுமுல்லு பிறக்கிறது. எட்டு பாயிண்ட் வேலையை மூன்று என்று எழுதுவார்கள். டெஸ்ட் செய்யாததை 'முடிந்தது' என்பார்கள். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இறங்குகிற கோட்டைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நிஜ வேலை அப்படி இறங்காது.

உங்கள் ஆபீஸில் "ஏன் கோடு இறங்கலை?" என்று கேட்டால் குரலை உயர்த்த வேண்டாம். "இறக்குனது அறுபதுங்க சார், ஏத்துனது ஐம்பதுங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு 'ங்க' போட்டுச் சொன்ன கணக்கை எந்த மேனேஜராலும் சுலபமாக மறுக்க முடியாது.