தானாக அணையும் கணினி

கடலூர் மாவட்டத்தில் ஒரு கணினி தானாக அணைந்துபோனால், பழி முதலில் மின்சாரத்தின் மீதுதான் விழும். அதில் நியாயமும் உண்டு. 1956இல் நிறுவப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் ஊருக்கெல்லாம் வெளிச்சம் தரும் மாவட்டம் இது. ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, நம் ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அடுத்து வந்த 2012 கோடையில் தமிழகத்தின் பெரும்பகுதியில் கடுமையான மின்வெட்டு.

அந்தக் கோடையில்தான் எங்கள் தமிழ்த்துறையின் மேசைக் கணினியும் சொல்லாமல் அணையத் தொடங்கியது. சிதம்பரத்திற்குக் கிழக்கேயுள்ள கடற்கரைக் குப்பங்களில் மாணவர்களோடு அலைந்து, நாங்கள் ஒலிநாடாவில் பதிந்த ஒப்பாரிகளும் தாலாட்டுகளும் அதில் இருந்தன. பாடிக்கொடுத்த மூதாட்டியருள் சிலரை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. நாடாக்களோ பூஞ்சை பிடித்துப் பயனற்றுப் போயின. எஞ்சியவை அக்கணினியின் கோப்புகளே.

பழுதுபார்ப்பதற்கு முன் படியெடுப்பது என்று முடிவு செய்தோம். எழுத்துக் கோப்புகள் சில நிமிடங்களில் விரலியில் ஏறிவிட்டன. ஒலிக்கோப்புகளுக்கு நீண்ட நேரம் வேண்டும். கணினியோ அதுவரை தாங்கவில்லை.

பாடவேறுபாடு பார்ப்பவர்களுக்குக் குறிப்பேடு இயல்பாகக் கைவரும். அணையும் நேரங்களை எழுதி வைத்தோம். விடியற்காலையில் முக்கால் மணி நேரம், நண்பகலில் பதினைந்து நிமிடம். அணையும்போது அறையின் விளக்கும் மின்விசிறியும் இமைக்கவில்லை. யு.பி.எஸ்ஸை விலக்கிச் சுவரில் நேரே செருகியும் அணைந்தது. ஆகவே மின்வாரியம் இதில் குற்றமற்றது. நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிப்பானால் தேய்த்துப் பொருத்தினோம், பயனில்லை. பிறகு பயாஸ் திரையில் வெப்பநிலையைப் பார்த்தோம். எண் தொண்ணூறைத் தாண்டியதும் கணினி அணைந்தது.

பக்கத் தகட்டைத் திறந்தால், செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளுக்கிடையே உப்புக்காற்றின் ஈரத்தோடு தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது. செயலிக்கும் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை, காய்ந்த வெற்றிலைச் சுண்ணாம்பாகியிருந்தது. தூரிகையால் தூசியைத் தள்ளி, பழைய பசையைத் துடைத்து, புதியதை மிளகளவு வைத்தோம். மூன்று மணி நேரம் ஓடியது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அணைந்தது. இம்முறை வெப்பமில்லை, குறுந்தகட்டு இயக்கி சுழலத் தொடங்கியபோதெல்லாம் அணைந்தது. பழுதுபார்க்கும் இளைஞர் மின்வழங்கிப் பெட்டியின் துளைவழியே விளக்கடித்துக் காட்டினார். உள்ளே மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. “சார், இதைத் திறந்திடாதீங்க. கரண்ட எடுத்தாலும் உள்ள இருக்கிறது ஷாக் அடிக்கும்” என்றார். பெட்டியை முழுதாக மாற்றினோம். அன்று மாலைக்குள் எல்லா ஒலிக்கோப்புகளும் வேறொரு வன்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

வெப்பம் மிகும்போது செயலி எரிந்து போகாதிருக்கவே கணினி தன்னை நிறுத்திக்கொள்கிறது. நாங்கள் வாரக்கணக்கில் திட்டியது அதன் தற்காப்பை. அணைய மறுத்திருந்தால் செயலியே போயிருக்கும்.

தில்லைக்கு அருகில் இருந்துகொண்டு திருமுறை கண்ட கதையை நினையாதிருக்க முடியாது. மூவர் தேவார ஏடுகள் கோயிலின் பூட்டிய அறையில் கிடந்தன. கறையான் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது அழிந்தவை போக எஞ்சியவையே கிடைத்தன என்பது மரபு. பூட்டு ஏட்டைக் காக்கவில்லை. பனையோலையின் ஆயுள் சில நூற்றாண்டுகளே. எனினும் தொல்காப்பியம் நம் கைக்கு வந்திருக்கிறதென்றால், ஓலை நைவதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து அடுத்த படியை எழுதியதால்தான். வன்தட்டின் ஆயுள் ஓலையினும் குறைவு. ஆகவே எழுதுவோர் தலைமுறைக்கு ஒருமுறை செய்த வேலையை நாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியிருக்கிறது.

இப்போது அப்பாடல்கள் ஒருங்குறியிலும் ஒலியிலுமாக மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒரு படி குப்பத்துக்கே போயிற்று. கைப்பேசியில் அதைக் கேட்ட ஒரு பெண், “எங்க ஆயா இப்படித்தான் இழுப்பாங்க” என்று சொல்லிவிட்டு, அடுத்த அடியைத் தானே பாடினாள். அந்த அடி எங்கள் பதிவில் இல்லை.