கயிறு யார் கையில்?



கொலேஜில் படிக்கும் உங்களுக்கு ஒழுக்கமும் குடியியலும் கற்பிக்கும் பாடம் ஒன்று இருக்கிறது. 2015 செப்டெம்பரிலிருந்து பிரான்ஸ் நாட்டுப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் அது நடைபெறுகிறது. சரித்திரம், புவியியலோடு சேர்த்து பிரெவே பரீட்சையிலும் கேள்வி வரும். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களையும் கேட்டவுடன் விளக்குவீர்கள். ஞாயிறு பாடசாலையிலும் அப்படித்தான். பத்துக் கட்டளைகளை வரிசை தவறாமல் ஒப்புவிப்பீர்கள். இரண்டு இடத்திலும் நல்ல புள்ளிகள்.

ஆனால் லா சப்பல் மெத்ரோ பாலத்தின் கீழே போர்வையைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரைக் கடந்து போகும்போது, ‘சகோதரத்துவம்’ என்ற சொல் நினைவுக்கு வருமா? இந்தக் கேள்விக்குப் புள்ளி போட முடியாது. இதை எப்படிக் கற்பிப்பது என்று, பெரிய பிள்ளைகளின் வகுப்பை நடத்தும் நாங்கள் நால்வரும் பல நாட்கள் பேசினோம். இன்னொரு பாடக்குறிப்புக் கொடுப்பதில் பயனில்லை என்று தோன்றியது. கடைசியில், சென்ற துசன் விடுமுறையில் பதினொரு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். ஒரேயொரு ஓவியத்தை மட்டும் பார்ப்பது என்று முதலே முடிவு செய்திருந்தோம்.

அது தெயோடோர் ஜெரிக்கோ 1818, 1819ஆம் ஆண்டுகளில் வரைந்த ‘மெதூசாவின் தெப்பம்’. ஏறக்குறைய ஐந்து மீற்றர் உயரம், ஏழு மீற்றர் அகலம். கதையைச் சொல்லாமலே பிள்ளைகளை அதன் முன்னால் தரையில் இருத்தினோம். மூன்று கேள்விகள்தான் கேட்டோம். என்ன தெரிகிறது? இதற்குக் கொஞ்சம் முன்னர் என்ன நடந்திருக்கும்? நீங்கள் இதில் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்?

முதல் ஐந்து நிமிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இறந்த மகனை மடியில் வைத்துக்கொண்டு எங்கோ பார்க்கும் கிழவர். தண்ணீருக்குள் பாதி போய்விட்ட உடல்கள். ஒருவர்மேல் ஒருவராக ஏறி, துணியை வீசும் மனிதர்கள். அடிவானத்தில் ஒரு கடுகளவு கப்பல். அந்தக் கப்பலை ஒரு சிறுவன் கண்டுபிடித்தபோது எல்லாப் பிள்ளைகளும் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகே கதையைச் சொன்னோம். 1816 ஜூனில் மெதூசா என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் செனகலுக்குப் புறப்பட்டது. கப்டன் இருபது வருடங்களுக்கு மேல் கடலில் போகாதவர். அரச குடும்பத்துக்கு விசுவாசமானவர் என்பதால் அந்தப் பதவி அவருக்குக் கிடைத்தது. ஜூலை 2ஆம் திகதி ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கப்பல் மணல் திட்டில் ஏறிவிட்டது. வள்ளங்களில் எல்லோருக்கும் இடமில்லை. மரங்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்து அதில் 147 பேரை ஏற்றினார்கள். வள்ளங்கள் அதைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. கப்டனும் அதிகாரிகளும் வள்ளங்களில் இருந்தார்கள். சிறிது தூரம் போனதும் கயிறு கைவிடப்பட்டது. பதின்மூன்று நாட்களுக்குப் பிறகு இன்னொரு கப்பல் தெப்பத்தைக் கண்டபோது 15 பேர் மட்டுமே உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் விரைவில் இறந்துபோனார்கள்.

இந்தச் செய்தி வெளியே வந்ததற்குக் காரணம் தப்பிவந்த இருவர். ஒருவர் சவினி, கப்பல் வைத்தியர். மற்றவர் கொரேயார். இருவரும் சேர்ந்து நடந்ததை 1817இல் புத்தகமாக வெளியிட்டார்கள். ஜெரிக்கோ அவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். பாரிஸ் போஜோன் வைத்தியசாலைக்குப் போய், நோயாளிகளையும் சாகும் நிலையில் இருந்தவர்களையும் பார்த்து வரைந்தார். எங்களில் இருவர் தாதிகள். உயிர் பிரியும் நேரத்தில் தோலில் ஏறும் அந்த மங்கிய நிறத்தை நாங்கள் இரவுப் பணியில் கண்டிருக்கிறோம். அதை அவர் அழகுபடுத்தாமல் அப்படியே வைத்திருக்கிறார். வரையப்பட்டவர்களுக்கு அவர் செய்த மரியாதை அது என்று பிள்ளைகளிடம் சொன்னோம். ஒருவருடைய துன்பத்தைப் பற்றிப் பேசுமுன் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இதுவே முதல் ஒழுக்கப் பாடம்.

இரண்டாவதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். தெப்பத்தின் உச்சியில் நின்று துணியை வீசுபவர் ஒரு கறுப்பு மனிதர். அவருக்கு மாதிரியாக நின்றவர் ஹெயிட்டியில் பிறந்த ஜோசப். அந்த ஓவியம் காட்சிக்கு வந்த 1819இல் பிரான்சின் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை இருந்தது. அது முற்றாக ஒழிந்தது 1848இல்தான். சட்டம் தாழ்த்தி வைத்திருந்த மனிதரை ஓவியர் எல்லோருக்கும் மேலே ஏற்றி, எல்லோருடைய நம்பிக்கையையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். சமத்துவம் என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்த ஒரு பிள்ளை, “இதைத்தான் சொல்லுகினமா?” என்று கேட்டாள். ஆம் என்றோம்.

பிறகு பன்னிரண்டு வயதுத் தங்கை ஒருத்தி கேட்டாள்: “அக்கா, வள்ளத்தில இருந்த ஆக்கள் ஏன் கயித்தை விட்டவை?”

பக்கத்திலிருந்த பையன் உடனே, “விடாட்டி அவையும் தாண்டு போயிருப்பினமெல்லோ” என்றான்.

“ஒரு வள்ளம்தானே இருந்தது எண்டால் சரி. அங்க கனக்க வள்ளம் இருந்தது” என்றாள் அவள்.

அரை மணித்தியாலம் விவாதம் நடந்தது. பொறுப்பு யாருக்கு? தகுதியில்லாதவரைக் கப்டனாக்கியவர்களுக்கா? கப்டனுக்கா? கயிற்றைக் கையில் வைத்திருந்தவருக்கா? பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களுக்கா? குடியியல் பாடத்தில் வரும் அதிகாரம், நீதி, பொறுப்பு எல்லாம் அந்த ஒரு கயிற்றில் தொங்கின. நாங்கள் முடிவு சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு, அவரவர் தெப்பத்தை வரையச் சொன்னோம். ஒருவன் தன் அப்பம்மாவை வரைந்தான். அவர் கடல் கடந்து வந்த கதை வீட்டில் அடிக்கடி சொல்லப்படுமாம். இன்னொருவன் மெத்ரோ பாலத்தின் கீழ் கூடாரங்களை வரைந்தான். அவன் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் அங்கே சூடானியரும் எரித்திரியரும் கூடாரம் அடித்திருந்தார்கள். 2015 ஜூன் 2ஆம் திகதி அந்த முகாம் அகற்றப்பட்டது. கயிற்றைப் பற்றிக் கேட்ட தங்கை, ஆட்களையே வரையவில்லை. தாளின் ஒரு ஓரத்தில் ஒரு கை, மறு ஓரத்தில் இன்னொரு கை, நடுவில் நீளமாக ஒரு கயிறு. அவ்வளவுதான்.

அந்தப் படம் எங்களுக்கு முன்னால் ஒரு கேள்வியை வைத்தது. நம்மில் பலருடைய பெற்றோர் அகதிகளாக இங்கே வந்தவர்கள். விசாவுக்காகக் காத்திருந்த வருடங்களை அவர்கள் மறக்கவில்லை. இன்று நமக்கு வீடு, வேலை, கடை எல்லாம் உண்டு. நாம் வள்ளத்தில் இருக்கிறோம். ஆனாலும் புதிதாக வந்தவர்களைப் பற்றி, “இவங்களாலதான் ஏரியா கெட்டது” என்ற பேச்சு நம் கடைகளில் கேட்கிறது. நம் கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில் சென் பெர்னார் தேவாலயம் இருக்கிறது. 1996இல் விசா இல்லாத சுமார் 300 பேர் அங்கே தஞ்சமிருந்தார்கள். ஓகஸ்ட் 23ஆம் திகதி பொலிசார் கதவை உடைத்து அவர்களை வெளியேற்றினார்கள். அந்தக் கதவைக் கடக்கும்போது, கயிறு இப்போது யார் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியத்தையும் கதையையும் கொண்டு ஒழுக்கம் கற்பிப்பது வேதத்துக்குப் புதிதல்ல. தாவீது பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி கட்டளையை வாசித்துக் காட்டவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைச் சொன்னார். கோபப்பட்டுத் தீர்ப்புச் சொன்ன பிறகே, அது தன் கதை என்று ராஜா அறிந்தான். பிறன் யார் என்று சட்டம் கற்ற ஒருவன் கேட்டபோது, நம் ஆண்டவர் விளக்கம் கொடுக்காமல் நல்ல சமாரியனைக் காட்டினார். கடைசியில் கேள்வியையே திருப்பி அவனிடம் கேட்டார். அந்தச் சமாரியனைத் தெலக்ருவா வரைந்தார். 1890இல் வான் கோ அதைப் பார்த்துத் தன் பாணியில் மறுபடி வரைந்தார்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. கரையோரக் கிராமங்களில் புனிதர்களின் சரிதங்கள் கூத்தாக ஆடப்பட்டன. 1965இல் யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், இயேசுவின் பாடுகளை மேடையேற்றிப் பல தலைமுறைப் பிள்ளைகளை நடிகர்களாக்கியது. உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் பிரசங்கம் நினைவிருக்கிறது என்பதைவிட, எந்த நாடகத்தில் எந்த வேடம் போட்டோம் என்பதை உடனே சொல்வார்கள்.

பாடசாலையில் மதத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறீர்கள். லைசித்தே விதிகளை மதிக்க வேண்டும். ஆனால் ஒரு ஓவியத்தின் முன்னால் நின்று, ‘இவருக்காக என் மனம் வலிக்கிறது, ஏனென்றால்...’ என்று பேச எந்த விதியும் தடையில்லை. பிரெவே வாய்மொழிப் பரீட்சைக்கு ஓவியமொன்றைத் தெரிவு செய்யவும் இடமுண்டு.

நீங்களும் போய்ப் பாருங்கள். லா சப்பலிலிருந்து ஸ்தாலின்கிராட் ஒரு தரிப்பு. அங்கிருந்து 7ஆம் இலக்க மெத்ரோ நேரே லூவ்ருக்குப் போகும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இலவசம், செவ்வாய்க்கிழமை பூட்டு. தெனோன் பகுதியில் 700ஆம் இலக்க மண்டபம். அதே மண்டபத்தில் தெலக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ இருக்கிறது. தெப்பத்தில் முகங்குப்புற விழுந்து கிடக்கும் இளைஞனுக்கு மாதிரியாக நின்றவர் அதே தெலக்ருவாதான். பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதலில் அவர்களையே பேச விடுங்கள். அவர்கள் வந்த வழியை அந்தப் படத்தின் முன்னால் உங்களுக்குச் சொல்லக்கூடும்.

வைகாசி மாத வாலிபர் கூடுகையில் பிள்ளைகளின் படங்களைச் சபை மண்டபத்தில் தொங்கவிடப் போகிறோம். வந்து பார்த்துவிட்டு, அந்த மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலை எழுதித் தாருங்கள். கயிற்றைப் பிடிக்கும் பெலனையும், விடாமல் இருக்கும் மனதையும் கர்த்தர் உங்கள் ஒவ்வொருவருக்கும் தருவாராக.